கதவோரத்தில் நின்ற அண்ணி

பென்சில் யாருக்கும் எதையும் சும்மா தருகிறவள் இல்லை. பன்னிரண்டு வருடமாக அவளும் ஓரக்காரரும் ஒரே ஸ்டுடியோவில், ஒரே மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். லென்ஸ் துடைக்கிற துணியைக்கூட அவள் இதுவரை இரவல் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை மாலை தானாக வந்து, ஒரு பென் டிரைவை அவர் முன்னால் வைத்து, "அண்ணே, இதுல ஒரு பழைய வங்காளப் படம் இருக்கு. கறுப்பு வெள்ளை. நீங்க அவசியம் பாக்கணும்" என்றால், ஓரக்காரருக்குச் சந்தேகம் வராமல் வேறு என்ன வரும்?

அதுவும் எந்த நேரத்தில் தந்தாள் பாருங்கள். முந்தின நாள்தான் முதலாளி இருவரையும் கூப்பிட்டு, டயர் தொழிற்சாலையின் ஐம்பதாவது ஆண்டுக்கு நானூறு தொழிலாளிகளையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும், அந்தப் படம் அவர்கள் கூடத்தில் சுவர் அகலத்துக்குத் தொங்கப்போகிறது, யார் எடுப்பது என்பதை மாதக் கடைசியில் சொல்கிறேன் என்றிருந்தார். 'யார்' என்ற அந்தச் சொல் ஓரக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்தாறு வருடமாக அங்கே குரூப் போட்டோ என்றால் அவர்தான். 'யார்' என்ற கேள்வி ஒருநாளும் எழுந்ததில்லை. இப்போது எழுந்திருக்கிறது என்றால் யாரோ எழுப்பிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேசைக்கு அந்தப் பக்கத்தைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அவருக்கு ஓரக்காரர் என்று பெயர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். படத்தின் நடுவை எந்த மடையனும் பார்ப்பான், ஓரத்தைப் பார்க்கிறவன்தான் போட்டோகிராபர் என்பது அவர் கொள்கை. ஓரத்தில் ஒரு செருப்பு, ஒரு வாளி, ஒரு ஆளின் பாதி முழங்கை வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. எடுத்த படத்தை அப்புறம் வெட்டிச் சரிசெய்வதை அவர் கௌரவக் குறைச்சலாக நினைத்தார். கேமராவின் முதுகில் இருக்கிற திரையில் படத்தைத் திருப்பிப் பார்ப்பதும் அவருக்கு ஆகாது. அது சந்தேகப்பிராணிகள் செய்கிற வேலையாம். எடுத்து முடித்ததும் கார்டை உருவிப் பென்சிலிடம் கொடுத்துவிடுவார். கணினியில் படங்களைத் தேர்ந்து திருத்தி அனுப்புவது அவள் பொறுப்பு. கொண்டை போட்டு அதில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எதையாவது உன்னிப்பாகப் பார்க்க வேண்டுமென்றால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். முப்பது வருடம் வியூஃபைண்டரில் வலது கண்ணை வைத்துப் பழகிய பழக்கம். கடைத் தராசையும், தூரத்தில் வரும் பேருந்தின் எண்ணையும், மனைவி தைத்துக் காட்டும் சட்டையின் கழுத்தையும் அவர் ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பார். முதல் தடவை பார்த்தபோதே இந்த மனுஷர் தன்னைப் பார்த்துக் கண்ணடித்தார் என்றும், தானும் அதை நம்பி ஏமாந்துவிட்டதாகவும் அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பென் டிரைவை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று அவருக்கு மூன்று சந்தேகங்கள் இருந்தன. உன் படமெல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகாது, பழைய படம் பார்த்துக்கொண்டு வீட்டில் கிட என்று குத்திக்காட்டுகிறாளோ என்பது ஒன்று. தொழிற்சாலை விஷயத்தில் தன் கவனத்தைத் திருப்பப் பார்க்கிறாளோ என்பது இன்னொன்று. மூன்றாவது என்னவென்று அவருக்கே தெரியவில்லை, ஆனால் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். சணல் ஆலையில் எடை போடும் குமாஸ்தா ஒருவன், அவனை வளர்த்த அக்கா, ஒழுகுகிற ஒரு வீடு. அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. இது என்ன படம், கொட்டாவி விடவா என்று கால் மணி நேரம் முணுமுணுத்தார். அப்புறம் ஒரு காட்சியில் அந்த வீட்டுக் கூரையின் உட்புறத்தில் வெளிச்சம் நெளிந்தது. விளக்கு இல்லை, வெயிலும் நேராக விழவில்லை. அவர் படத்தை நிறுத்தி நாலு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஒரு பேசினில் தண்ணீர் பிடித்து, ஜன்னலோரம் வெயிலில் வைத்து, விரலால் லேசாகத் தட்டினார். அவர் வீட்டுக் கூரையிலும் அதே வெளிச்சம் நெளிந்தது. தைத்து அடுக்கி வைத்திருந்த பள்ளிச் சீருடைகளின் மேல் தண்ணீர் தெறித்ததற்காக மனைவி வாங்கு வாங்கென்று வாங்கினாள். அது அவர் காதில் ஏறவே இல்லை. அந்தக் காலத்துக் கேமராக்காரன், கையில் ஒன்றும் இல்லாமல், ஒரு பேசின் தண்ணீரில் இதைச் செய்திருக்கிறானே என்று அவருக்குப் பொறாமையாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை அந்த வெளிச்சத்தைப் பற்றிப் பென்சிலிடம் சொல்லத் துடித்துக்கொண்டு போனார். அவள் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"தம்பி வேல போன கடிதத்தப் படிக்கிறான் இல்லண்ணே, அப்போ அக்கா எங்க இருந்தா?" என்று கேட்டாள்.

"அந்த சீன்ல அக்கா ஏது? அவன் தனியாத்தான இருந்தான்" என்றார் அவர்.

பென்சில் அவரை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, பையிலிருந்த சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டதற்குச் சும்மா என்றாள். சும்மா எழுதுவதை யாராவது கையால் மறைத்துக்கொண்டு எழுதுவார்களா? மூன்றாவது சந்தேகம் என்னவென்று அவருக்கு அப்போது விளங்கிவிட்டது. அவள் ஆழம் பார்க்கிறாள். ஆளுக்கு வயதாகிவிட்டது, நினைவு தப்புகிறது என்று முதலாளியிடம் போட்டுக்கொடுக்க ஆதாரம் சேர்க்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது படம் வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பயந்துவிட்டான் என்பாள். அதைவிட, உண்மையைச் சொன்னால், அவருக்கு அதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

தொண்டை கெட்டுப்போன ஒரு பாட்டு வாத்தியாரின் கதை அது. இந்தத் தடவை ஓரக்காரர் நாற்காலியை டிவிக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். கேள்வி எங்கேயிருந்து வருமோ என்று ஒவ்வொரு காட்சியையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். இடது கண் இறுக மூடியிருந்தது. படம் பார்க்க எதற்கு ஒற்றைக் கண், மற்றதை வாடகைக்கு விட்டாயிற்றா என்று மனைவி தையல் மிஷினிலிருந்து கேட்டாள். வாத்தியார் கடைசிப் பாட்டைப் பாட வாயைத் திறந்து, சத்தம் வராமல், மெதுவாக மூடிக்கொண்டதை அவர் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

"அவர் பாட்ட நிறுத்தினப்போ யார் அழுதாங்க?" என்று திங்கட்கிழமை பென்சில் கேட்டாள்.

யாரும் அழவில்லை, அதுதான் அந்தப் படத்தின் பெருமையே என்றார் அவர். அதோடு விடாமல் வாத்தியார் முகத்தில் விழுந்த ஜன்னல் வெளிச்சம், காற்றில் ஆடிய திரைச்சீலை, பேச்சே இல்லாத அந்த இரண்டு நிமிடம் என்று அரை மணி நேரம் பேசித் தீர்த்தார். பேசி முடிக்கும்போதுதான் தான் யாரிடம் பேசுகிறோம் என்பதே நினைவுக்கு வந்தது. பென்சில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிண்ணே" என்றாள். பிறகு நோட்டை எடுத்தாள். அவள் முகம் வாடியிருந்தது. நடிப்பதில் அந்த வங்காளக்காரர்களையே மிஞ்சிவிடுவாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது சனிக்கிழமை மதியம், அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தாள். கணினியை அணைக்காமல் போயிருந்தாள். அடுத்தவர் மேசையில் கைவைப்பது அவர் வழக்கமில்லை, ஆனால் அன்றைக்குக் கை கேட்கவில்லை. அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். திரையிலேயே ஒரு ஃபோல்டர் இருந்தது, பெயர் 'ஓரம்'.

உள்ளே கடந்த மூன்று மாதத்தில் அவர் எடுத்த படங்கள். ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக இருந்தது. ஆசிரியர்கள் வரிசையாக நிற்கிற படம் ஒன்றில், இடது ஓரத்தில் பாதிக் குப்பைத்தொட்டி. பக்கத்திலேயே அதே படம், குப்பைத்தொட்டி இருந்த ஓரம் மட்டும் வெட்டப்பட்டு. அடுத்ததில் இடது ஓரத்தில் விளக்கு ஸ்டாண்டின் கால். அதற்கடுத்ததில் யாரோ ஒருவரின் காதும் தோளும். இப்படியே நாற்பதுக்கும் மேல்.

ஓரக்காரருக்கு உடம்பெல்லாம் தீப்பற்றிக்கொண்டது. அவர் எடுத்த படத்தில் குப்பைத்தொட்டியா? இந்த ஜென்மத்தில் நடக்குமா? போன மாதம்தான் ஒரு வாடிக்கையாளர் கேட்டார் என்று படத்திலிருந்து ஒரு முழு ஆளையே தடம் தெரியாமல் எடுத்துக் கொடுத்தாள் பென்சில். ஆளை எடுக்கத் தெரிந்தவளுக்குக் குப்பைத்தொட்டியை ஒட்டத் தெரியாதா? ஒட்டியிருக்கிறாள். ஒட்டிவிட்டு, இதோ பாருங்கள், இப்படித்தான் எடுக்கிறார், நான்தான் வெட்டி மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று முதலாளியிடம் காட்டப்போகிறாள். கூடவே அந்த நோட்டு. மறதிக்கு அது, கைத்தவறுக்கு இது. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்து எப்படிக் குழி பறித்திருக்கிறாள் என்று நினைத்தபடியே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

நேராக முதலாளி அறைக்குப் போனார். பென்சிலைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் பேச வேண்டும் என்றார். போனில் இருந்த முதலாளி, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வாருங்கள் என்று கையாலேயே சொல்லி அனுப்பினார். அதுவும் நல்லதுதான் என்று பட்டது. சாயங்காலம் மூன்றாவது படத்தைத் தருவாள். அதையும் பார்த்து, அவள் என்ன கேட்டாலும் பிசகாமல் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் முதலாளியிடம் போனால் மறதி என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நோட்டும் பேனாவுமாக டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார், முழங்கால் மேசையில் இடிக்கிற அளவுக்கு நெருக்கமாக. அன்றைக்கு மனைவிக்கும் தையல் இல்லை; அவளும் ஒரு நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டாள். அண்ணன் தம்பி இரண்டு பேர் அப்பா விட்டுப்போன வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள். செத்துப்போன மூத்த அண்ணனின் மனைவி, இவர்கள் இருவருக்கும் சோறு போட்டு வளர்த்த அண்ணி, அவளுக்கு எந்த அறை என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. ஓரக்காரர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தார். தம்பியின் சட்டையில் எத்தனை பொத்தான் என்பதுவரை எழுதினார். பாகப்பிரிவினை காட்சி வந்தது. படத்தின் வலது பக்கத்தில் பெரிய மேசை, அதைச் சுற்றிச் சத்தம், வரைபடத்தின் மேல் விரல்கள். அவர் கண் அந்த விரல்களை விட்டு அசையவில்லை.

பின்னால் மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவளுக்கு வங்காளம் தெரியாது, கீழே ஓடுகிற எழுத்தையும் அவள் படிப்பதில்லை. இதில் அழ என்ன இருக்கிறது என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

"பாவம்ங்க அவ" என்றாள். "இவங்க இவ்ளோ பேசறாங்க, ஒருத்தனாவது திரும்பிப் பாக்கறானா?"

"எவ?"

"அந்த அண்ணிதான். ஆரம்பத்துலேருந்து அங்கயே நிக்கிறாளே, கதவோரமா."

கதவே இல்லை, வெறும் சுவர்தான் இருக்கிறது என்றார் அவர். அவள் சிரித்தாள். அவர் படத்தைப் பின்னால் ஓட்டினார். மேசை, விரல்கள், சத்தம், இடது பக்கம் வெறும் சாம்பல் நிறச் சுவர். எங்கே நிற்கிறாள் காட்டு என்றார். மனைவி எழுந்து வந்து, விளையாடுகிறார் என்று நினைத்து, "மொதல்ல ரெண்டு கண்ணையும் தொறந்து பாருங்க" என்று அவர் இடது இமையைக் கட்டைவிரலால் தூக்கிவிட்டாள்.

சுவரில் ஒரு கதவு வந்தது. கதவில் ஒரு பெண் நின்றாள். வெள்ளைச் சேலை, நிலையைப் பிடித்த கை.

அவர் இடது கண்ணை மூடினார். அவள் போய்விட்டாள். இருட்டாகக்கூட இல்லை, கறுப்பாக ஒரு ஓட்டைகூட இல்லை. சுவர் ஒழுங்காக, நேர்த்தியாக, யாரோ பூசி முடித்த மாதிரி இருந்தது. திறந்தார். நின்றாள். மூடினார். இல்லை. அத்தனை நேரமும் அவர் பார்வையை மேசையை விட்டு எடுக்கவில்லை. மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டாள். "என்னங்க?" என்றாள்.

அவர் எழுந்துபோய்க் கேமராவை எடுத்தார். மனைவியைத் தையல் மிஷினில் உட்காரச் சொன்னார். எதிர்ச் சுவர் ஜன்னலை நடுவில் வைத்து, வலது கண்ணை வியூஃபைண்டரில் பதித்து, ஓரம் பார்த்தார். ஓரம் சுத்தமாக இருந்தது. கிளிக் செய்தார். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, கேமராவின் முதுகில் இருந்த திரையைத் திருப்பிப் பார்த்தார். இடது ஓரத்தில் பாதி மிஷினும் பாதி மனைவியும் இருந்தார்கள்.

குப்பைத்தொட்டி அவருடையதுதான். விளக்கு ஸ்டாண்டின் காலும், அந்தக் காதும், தோளும், எல்லாம் அவருடையவைதான். அவருக்குப் பயமாக இருந்தது, பயத்தைவிட அவமானமாக இருந்தது. மனைவி அவர் கையிலிருந்து கேமராவை வாங்கிப் பார்த்தாள். "மீதிப் பாதிய எங்க விட்டீங்க?" என்று கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டாள்.

அன்று முழுவதும் அவர் ஒரு கணக்குப் போட்டார். மூன்றாவது படத்துக்கு என்ன கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். பதிலும் தெரியும். சொல்லிவிட்டால் பென்சில் நோட்டை மூடிவிடுவாள். தொழிற்சாலைப் படத்தைக் கேமராவைக் கொஞ்சம் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்துவிடலாம். இடது கண்ணையும் மெல்ல மெல்லப் பழக்கிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. மனைவியிடம் கண்ணில் தூசி விழுந்திருந்தது என்று சொல்லிவைத்தார். அவள் நம்பவில்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குப் பென்சில் வந்து எதிரில் உட்கார்ந்தாள். படம் எப்படி என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றார். அவள் தயங்கித் தயங்கி, எதிர்பார்த்ததையே கேட்டாள்.

"பாகம் பிரிக்கும்போது அண்ணி எங்கண்ணே இருந்தா?"

"கதவோரத்துல" என்றார். "எடது பக்கம். ஆரம்பத்துலேருந்து அங்கயேதான் நின்னா."

தன் இடத்துக்குக் குறிவைக்கிறவள் இதைக் கேட்டதும் முகம் சுருங்கியிருக்க வேண்டும். பென்சிலின் முகம் மலர்ந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து, ரொம்ப நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்பாடா. நான்தான் என்னென்னமோ நெனச்சுட்டேண்ணே" என்றாள். "எங்கப்பாவுக்குக் கண்ணு போனது இப்படித்தான். வலியே இல்ல, ஓரத்துலேருந்து போச்சு. உங்க படத்துல எடது பக்கம் கண்டது வர ஆரம்பிச்சதும் எனக்குப் பயமாயிடுச்சு. நேரா சொன்னா, எடத்தப் புடிக்கப் பாக்கறான்னுதான நெனப்பீங்க? அதான் ஓரத்துல விஷயம் இருக்கற படமா தேடித் தேடிக் குடுத்தேன்."

அவள் நோட்டைப் பிரித்து அவர் பக்கம் தள்ளினாள். இரண்டே வரி. 'அக்கா, தெரியவில்லை.' 'மாணவி, தெரியவில்லை.' அதற்குக் கீழே ஒரு கண் டாக்டரின் நம்பர், புதன்கிழமை பத்து மணி. இனி அது தேவையில்லை என்று அடித்துவிட அவள் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள்.

ஓரக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுடைய சந்தோஷத்தைப் பார்த்த பிறகு அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை.

"அடிக்காதம்மா" என்றார். "நான் பாக்கல. என் சம்சாரம் பாத்துச் சொன்னா. இந்த வலது கண்ணுக்கு அவ அங்க இல்ல."

பென்சில் கையை எடுக்கவில்லை. அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே இறங்குவதை அவர் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மணி பதினொன்று. "வாங்க, பென்சிலப் பத்தி ஏதோ சொல்லணும்னு சனிக்கிழமை வந்தீங்களே" என்றார்.

பென்சில் நிமிர்ந்து ஓரக்காரரைப் பார்த்தாள். சனிக்கிழமை என்றால் என்ன, தன் கணினியில் அந்த ஃபோல்டர் ஏன் அன்று திறந்து கிடந்தது, எல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்குவது முகத்திலேயே தெரிந்தது. அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். நிலத்தில் புதைந்துவிட்டால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"ஆமா சார்" என்று எழுந்தார். "உள்ள எதுக்கு, இங்கயே சொல்லிடறேன். மூணு மாசமா என் படத்துல ஓரமெல்லாம் கெட்டுக் கெடந்தது. உங்க கண்ணுல படாம சரிபண்ணிக் குடுத்தது இவதான். எனக்குக் கண்ணு சரியில்ல, புதன்கிழமை டாக்டரப் பாக்கப் போறேன். அந்த நானூறு பேர் படத்த இவ எடுக்கட்டும்."

முதலாளி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, சரி, பேசலாம் என்று உள்ளே போனார்.

ஓரக்காரர் உட்கார்ந்தார். பென்சில் நெடுநேரம் திரையைப் பார்த்தபடி வேலை செய்துகொண்டிருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அவளே திரும்பாமல் கேட்டாள்.

"ரெண்டாவது படத்துல அழுதது யாருன்னு தெரியணுமாண்ணே?"

"சொல்லு" என்றார்.

"பாத்துச் சொல்லுங்க" என்றாள், கணினித் திரையை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள். வாத்தியார் வாயைத் திறந்தார், சத்தம் வராமல் மூடிக்கொண்டார். ஓரக்காரர் இடது கண்ணை விரலால் பிடித்துத் திறந்து வைத்துக்கொண்டார். படத்தின் இடது ஓரத்தில், ஜன்னல் திண்டில் சாய்ந்து, முகத்தைத் திரைச்சீலையில் புதைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பெண் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமலா அந்தப் படத்தை அரை மணி நேரம் புகழ்ந்தோம் என்று நினைத்ததும் அவருக்கும் அழுகை வந்துவிட்டது.